கயிறு அறுக்கும் கத்தி

மார்ச் 4

மைனாக்குட்டி, இன்றைக்கு வெங்காயம் இரண்டு மூட்டை. கண்ணில் தண்ணீர் வந்தால் கேன்டீனில் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அந்த ஒரு வசதிக்காகவே நான் வெங்காயத்தைக் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். சமையல் மாஸ்டருக்கு மட்டும் புரிந்துவிட்டது போல. "அக்கா, நாளைக்குக் கோஸு நறுக்குங்க. வெங்காயம் எங்கயும் ஓடிடாது" என்றார்.

உன் தங்கச்சிக்கு வேலை கிடைத்துவிட்டது. தையல் கம்பெனிதான். உன்னுடையது இல்லை. உன்னுடையதுதான் கரிச்சுவராக நிற்கிறதே. இது வேறு இடம், மூன்றாவது மாடி. பதினைந்தாம் தேதி சேரச் சொல்லியிருக்கிறார்கள். வேண்டாம் என்றேன். "அப்ப நீயே சொல்லும்மா, எனக்கு வேற என்ன வேலை தெரியும்?" என்றாள்.



மார்ச் 6

இதை எழுதாமல் இருக்கலாம் என்று பார்த்தேன். முடியவில்லை.

வேலை முடிந்தால் உங்களிடம் இருக்கிற நூல் கத்தரியை எல்லாம் எண்ணி வாங்கிப் பெட்டியில் பூட்டிவிடுவார்கள் என்று நீ சொல்வாய். துணிக்குள் கத்தரி மாட்டிப் போய்விடக் கூடாது என்பதற்காக. நல்ல வழக்கம்தான் என்று நானும் தலையாட்டினேன். அன்றைக்குக் கத்தரிகள் பெட்டிக்குள் போன பிறகு, சரக்கு கட்டிக் கொடுக்க உங்களில் கொஞ்சப் பேரை நிறுத்திக்கொண்டார்கள். தீ முன்பக்கம் பிடித்தது. பின்கதவுக்குத் தாழ்ப்பாள் கெட்டுப்போய், காற்றுக்கு அடிக்கிறதென்று யாரோ நைலான் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்கள்.

நாள் முழுக்கக் கத்தரி பிடித்த கைகள். கயிறு அறுக்க ஒரு பிளேடு இல்லை.

நான் என்ன வேலை பார்க்கிறவள்? கத்தியோடு குடித்தனம் பண்ணுகிறவள். எந்தக் கத்தி எதற்கு ஆகும் என்று தொட்டுப் பார்த்தே சொல்வேன். உன் பையில் சாப்பாடு வைத்தேன், தண்ணீர் வைத்தேன், மழை வரும் என்று குடை வைத்தேன். ஒரு சின்னக் கத்தி வைக்கணும்னு எனக்குத் தோணலையேடி. தோணவே இல்லையே.

மார்ச் 8

இரும்புக் கடைக்குப் போனேன். கடைக்காரர், "காய் நறுக்கவா, கறி வெட்டவா?" என்றார்.

"கயிறு அறுக்க."

"மாடு கட்டுற கயிறாம்மா?"

"கதவு கட்டுற கயிறு."

ஒரு மாதிரி பார்த்தார். உறை போட்ட பெரிய கத்தி ஒன்றை எடுத்து வைத்தார். முழங்கை நீளம். "இதைப் பாத்தாலே திருடன் ஓடிடுவான்."

"திருடன் ஓட வேணாம். என் பொண்ணு ஓடணும்."

அதற்குப் பிறகு அவர் வியாபாரப் பேச்சு பேசவில்லை. மடக்குக் கத்திகளை ஒரு தட்டில் கொட்டி, நீங்களே பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். இரண்டு எடுத்தேன். ஒன்று மழமழவென்ற வாய், இன்னொன்றுக்கு ரம்பம் மாதிரி பல். ஒரு விசிலும் சின்ன டார்ச்சும் வாங்கினேன். விசில் எதற்கு என்று கேட்டார். புகையில் கத்தினால் தொண்டை அடைத்துக்கொள்ளும், ஊதுவதற்குக் கொஞ்சம் மூச்சு இருந்தால் போதும் என்றேன். இதெல்லாம் எனக்கு இப்போது தெரிகிறது. பட்டபின் வரும் புத்தியை எந்தக் கடையில் விற்பது?

மார்ச் 9

ஜன்னல் கம்பியில் நைலான் கயிறு கட்டி அறுத்துப் பார்த்தேன். மழமழ வாய்க் கத்தி தக்காளியைத் தோலோடு சீவுகிறது, தொளதொளவென்ற கயிற்றில் வழுக்குகிறது. பல் வைத்தது கடித்துப் பிடிக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு அறுத்தேன். கையை நனைத்துக்கொண்டு அறுத்தேன்.

உன் தங்கச்சி குளித்துவிட்டு வந்து பார்த்தாள். "ஜன்னல் உனக்கு என்னம்மா பண்ணுச்சு?" என்றாள்.

அவள் கையில் கொடுத்துத் திறக்கச் சொன்னேன். திறக்க வரவில்லை. கத்தி முதுகில் இருக்கிற பள்ளத்தில் நகத்தை விட்டு இழுக்க வேண்டும். அவளுக்கு ஏது நகம்? நீ போனதிலிருந்து எல்லாவற்றையும் கடித்துத் தின்றுவிட்டாள்.

மார்ச் 10

மாற்றிக்கொண்டு வந்தேன். கட்டைவிரலால் தள்ளினால் திறக்கும், பல்லும் இருக்கிறது. ஏன் மாற்றுகிறீர்கள் என்று கடைக்காரர் கேட்கவே இல்லை.

மார்ச் 12

பையைக் கட்டினேன். கத்தி, டார்ச், விசில், நனைத்து மூக்கில் கட்ட ஒரு துணி, சூட்டைத் தொட ஒரு ஜோடி கையுறை, திருப்புளி. அவள் தூக்கிப் பார்த்துவிட்டு, "நான் தைக்கப் போறேனா, மலை ஏறப் போறேனா?" என்றாள். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். உனக்குப் பிறகு இந்த வீட்டில் சத்தமாகச் சிரித்தது இதுதான். உடனே வெட்கமாகப் போய்விட்டது.

கத்தியை மட்டும் எடுத்து என் கையில் வைத்தாள். "வாசல்ல பையைப் பாத்துதான் விடுவாங்கம்மா. இது ஆகாது. விசில் இருக்கட்டும், உனக்காக."

சரி என்றேன்.

மார்ச் 14

சரி என்று சொன்னேனே தவிர, மனசு சரி சொல்லவில்லை. பையின் அடித்துணியைப் பிரித்து உள்ளே கத்தியை வைத்துத் தைத்துவிட்டேன்.

மார்ச் 15

போய்விட்டு வந்துவிட்டாள். நன்றாகச் சாப்பிட்டாள்.

மார்ச் 19

வாட்ச்மேன் கைக்குத் தட்டுப்பட்டுவிட்டது. வரிசையில் அத்தனை பேரும் பார்க்க, அடித்துணியைக் கிழித்து எடுத்திருக்கிறார். வெளிப்படையாக வைத்திருந்தால்கூட மறந்து கொண்டுவந்தேன் என்று சொல்லியிருப்பாள். ஒளித்துத் தைத்ததற்கு என்ன சொல்வாள்? "யாரைக் குத்த வெச்சிருக்க?" என்று கேட்டிருக்கிறார்கள். தனக்குத் தெரியாது என்றாளாம். தெரியாமல் உன் பைக்குள் யார் தைப்பார்கள் என்றார்களாம். என்னை அவள் காட்டிக்கொடுக்கவில்லை. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

வந்து பையைத் தரையில் வைத்தாள். அழவில்லை.

"அக்கா போயிட்டா. நான் இருக்கேன்மா. இருக்கிறவள இருக்க விடேன்."

அப்புறம் துணியை எடுத்துக்கொண்டு சிநேகிதி அறைக்குப் போய்விட்டாள். நான் தடுக்கவில்லை. எந்த வாயால தடுக்கிறது? என்ன பண்ணிட்டேன் மைனா. ஒருத்திக்கு வைக்காம கெடுத்தேன், ஒருத்திக்கு வெச்சுக் கெடுத்தேன்.

மார்ச் 20

கேன்டீனுக்கு லீவு சொல்லிவிட்டு அந்தக் கம்பெனிக்குப் போனேன். "நீங்கதானா அந்தக் கத்தி அம்மா?" என்றார் வாட்ச்மேன். கேலியாக இல்லை, பாவமாகத்தான் கேட்டார்.

மேலே சூப்பர்வைசர் ஒரு பெண். என் வயசுதான் இருக்கும். கத்தி வைத்தது நான், பிள்ளைக்குத் தெரியாது என்றேன்.

"என்கிட்ட கேட்டிருக்கலாமேம்மா."

"கேட்டிருந்தா விட்டிருப்பீங்களா?"

கொஞ்சம் யோசித்தார். "மாட்டேன்."

பொய் சொல்லாத அந்த ஒரு வார்த்தைதான் எனக்குத் தைரியம் கொடுத்தது. பெரியவள் எந்தக் கம்பெனியில் இருந்தாள் என்று சொன்னேன். அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "உங்க பின்கதவ ஒரு தடவ காட்டுங்க, போயிடுறேன்" என்றேன்.

கூட்டிப்போனார். கண்ணாலேயே கயிற்றைத் தேடினேன். கயிறு இல்லை. நல்ல தாழ்ப்பாள், எண்ணெய்கூடப் போட்டிருக்கிறார்கள். ஆனால் கதவே பாதிதான் தெரிகிறது. துணிக்கட்டுகள், ஒன்றின் மேல் ஒன்று, என் தோள் உயரத்துக்கு.

நான் அப்படியே நின்றுவிட்டேன். இதை எந்தக் கத்தியால் அறுக்கிறது? கடை கடையாகத் தேடி, பல் பார்த்து, பிடி பார்த்து நான் வாங்கியது எல்லாம் உன் கதவுக்கு. எரிந்துபோன கதவுக்கு. இவள் கதவை நான் பார்க்கவே இல்லையே.

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் கட்டைத் தூக்கினேன். "அம்மா, சாயங்காலம் லாரி வரும், தானா போயிடும்" என்றார் சூப்பர்வைசர். நான் இரண்டாவதைத் தூக்கினேன். மெஷினில் இருந்த ஒரு பெண் எழுந்து வந்தாள். அப்புறம் இன்னும் இரண்டு பேர். கடைசியில் சூப்பர்வைசரே ஒரு முனையைப் பிடித்தார். "மெல்ல, இடுப்பு போயிடும்" என்றார். அதற்குள் போய்விட்டிருந்தது.

கதவைத் திறந்தோம். படிக்கட்டு, வெளிச்சம், அவ்வளவுதான். ஒரு கதவு திறப்பதைப் பார்த்து இப்படி அழுவேன் என்று நினைக்கவில்லை.

இறங்கும்போது வாட்ச்மேன் கத்தியைத் திருப்பிக் கொடுத்தார். "நல்ல கத்திம்மா. எங்க வாங்கினீங்க?" நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், வாசலில் இருக்கிறவர் கையில் இருப்பதுதான் சரி என்றேன்.

மார்ச் 22

சாயங்காலம் வந்தாள். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"மூட்ட தூக்கினியாமே."

"யாரு சொன்னா?"

"எல்லாரும்தான் சொல்றாங்க. உன் அம்மா கதவ வந்து பாத்தாங்கன்னு. என்னைத் திங்கக்கிழமை வரச் சொல்லிட்டாங்க." அப்புறம், "இடுப்பு எப்படி இருக்கு?"

"நிமிர முடியல."

"திரும்பிப் படு" என்று தைலத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கை நீ தேய்க்கிற மாதிரி இல்லை, முரட்டுக் கை. அப்படியே தேய் என்றேன்.

ஏப்ரல் 11

இப்போதெல்லாம் அவள் பையில் சாப்பாடும் தண்ணீரும்தான். நான் திறந்து பார்ப்பதில்லை. அவளே வந்து சொல்கிறாள். வேலைக்கு உட்காரும் முன்னால் இவளும் பக்கத்து மெஷின் பெண்ணும் போய்ப் பின்கதவை ஒரு தரம் திறந்து மூடுகிறார்களாம். நேற்று மறுபடியும் இரண்டு கட்டு வைத்திருந்தார்களாம். "எடுங்கன்னு சொன்னேம்மா. மொறைச்சாங்க. எடுத்துட்டாங்க" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். தட்டில் இருந்ததைச் சாப்பிட்டுக்கொண்டே.

எனக்குத்தான் கையில் எடுத்தது வாய்க்குப் போகவில்லை.

நீயும் தினமும் அந்தக் கதவைத் தாண்டித்தானே போயிருப்பாய். கயிறு கட்டியிருப்பது உன் கண்ணில் படாமல் இருந்திருக்காது. அவிழ்க்கச் சொல்ல நினைத்திருப்பாய். ஏன் சொல்லவில்லை மைனா? அவர்கள் முறைப்பார்கள் என்று பயந்தாயா, இல்லை வேலை போனால் வீட்டில் நான் முறைப்பேன் என்றா?