எதிரணிக்குக் கொடுத்த ஆள்

ஞாயிறு, இரவு.

உள்ளங்கை இன்னும் எரிகிறது. தூக்கம் வரவில்லை.

எருமப்பட்டி த்ரோபால் போட்டியில் இன்று கடைசி ஆட்டம், எங்கள் மோகனூருக்கும் தம்மம்பட்டிக்கும். பாதியில் அவர்களில் ஒருத்திக்குக் கால் பிசகிவிட்டது. மாற்று ஆள் இல்லை. நடுவர் கோப்பையை எங்களுக்கே தரப் பார்த்தார். ஆடாமல் வாங்கினால் ஊரில் சிரிப்பார்கள் என்று எங்கள் கேப்டன் சுமதியக்கா மறுத்துவிட்டார். பிறகு என்னைக் காட்டி, "இவளக் குடுத்தரலாங்க. நம்மளுக்கு ஒண்ணும் கொறஞ்சு போயராது" என்றார்.

மூன்று வருடமாக நான் எங்கள் அணியின் மாற்று ஆள். ஒரு நாளும் இறக்கியதில்லை. தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு வெளியே உட்கார்ந்து இவர்கள் ஆடுவதையே பார்த்திருக்கிறேன். யாருக்கு எந்தப் பக்கம் கை எட்டாது என்று எனக்குத் தெரியும். சுமதியக்காவுக்கு இடது பக்கம். கடைசிப் பந்தை அங்கேதான் எறிந்தேன். அவர் பிடி நழுவியது. தம்மம்பட்டி ஜெயித்தது.

அந்தப் பெண்கள் என்னைத் தூக்கிச் சுற்றினார்கள். என் பெயர்கூடத் தெரியாது, "மோகனூர் அக்கா, மோகனூர் அக்கா" என்றே கத்தினார்கள்.

திரும்பும்போது வேனில் என் பக்கத்து இடத்தைக் காலியாக விட்டுவிட்டார்கள். நாமக்கல் தாண்டியதும் சுமதியக்கா எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏங்கண்ணு, அடுத்த போட்டிக்கு மொத ஆளா நீ எறங்கறயா?"

"யோசிச்சுச் சொல்றேனுங்க்கா."

யோசிக்க ஒன்றுமில்லை. ஆனாலும் காலையில்தான் சொல்வேன். ஒரு ராத்திரி அவரும் தூங்காமல் கிடக்கட்டும்.