வாய்க்காலில் விழுந்த பால்தசார்

ஜனவரி 14, 1996. ஞாயிறு

மலையில் பனி ஒரு விரற்கடை கூட இல்லை. இப்படியே போனால் ஜூனில் ஆறு காய்ந்துவிடும். பூசை முடிந்து வெளியே வந்ததும் அண்ணன் ஓனோஃப்ரே வானத்தைப் பார்த்துத் திட்டினான். பாதிரியார் காதில் நிச்சயம் விழுந்திருக்கும்.

வாய்க்காலுக்கு அவன்தான் பொறுப்பு, மடைச் சாவி அவன் இடுப்பில். நான் வாய்க்கால் சங்கத்தின் செயலாளர். ஏப்ரலில் அரசின் நீர்ப் பங்கு விசாரணை. வாய்க்காலை முதலில் வெட்டியவர்களுக்கே முதல் தண்ணீர். ஸ்பெயின் தளபதியோடு 1598இல் இங்கே குடியேற வந்த எங்கள் முன்னோர் வெட்டியது என்கிறோம் நாங்கள். அதற்கெல்லாம் முன்பே எங்களுடையது என்கிறார்கள் மேட்டில் இருக்கும் பியூப்லோ பழங்குடி மக்கள். யாரிடமும் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது.

இப்போதைக்கு ஞாயிறு ஒரு நாள் அவர்களுக்கு மடை திறக்கிறோம். மார்ச் மாதம் ஊர் கூடித் தூர் வாரும் குடிமராமத்துக்கு மட்டும் அவர்களைக் கூப்பிடுவதில்லை. பங்குக்கு ஒரு மண்வெட்டி வரவேண்டும், வராதவனுக்குத் தண்ணீர் இல்லை என்பது எங்கள் சட்டம். மண்வெட்டியோடு வரச் சொன்னால் பங்கு உண்டு என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமே!

பிப்ரவரி 8, வியாழன்

வந்துவிட்டது. ஸ்பெயின் ஆவணக் காப்பகத்திலிருந்து. பதினான்கு மாதம் முன்பு எழுதிக் கேட்டது!

ஒன்பது தாள், எல்லாம் நகல். தளபதியோடு வந்த எழுத்தர் ஒருவர் எழுதிய பயணக் குறிப்பு. எறும்பு ஊர்ந்ததுபோல் கையெழுத்து. பழைய எழுத்து படிக்க நூலகத்தில் இரண்டு வருடம் மாலை வகுப்புக்குப் போனபோது எல்லோரும் சிரித்தார்கள் — இப்போது சிரிக்கட்டும். எங்கள் குடும்பப் பெயரை மட்டும் தேடி ஓடினேன். நான்காம் தாள். "கருப்புப் பாறையின் அருகே பால்தசார் கின்டானா கோவேறு கழுதையோடு வாய்க்காலில் விழுந்தான்."

கின்டானா. என் பெயர். கருப்புப் பாறையும் எங்கள் வாய்க்கால் கரையில் இருக்கும் அதே கருப்புப் பாறை. 1598இல் எங்கள் ஆள் இருந்திருக்கிறான், எங்கள் வாய்க்காலும் இருந்திருக்கிறது. அடுப்பில் பீன்ஸ் கரிந்ததே தெரியவில்லை.

பிப்ரவரி 9, வெள்ளி

சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று படித்தேன். ஒரே கைதட்டல். அண்ணன் என்னை அலாக்காகத் தூக்கிவிட்டான், இந்த வயதில். "விழுந்தாலும் நம்மாளு நானூறு வருஷத்துக்குப் பிரயோஜனப்படற மாதிரி விழுந்திருக்கான் பாரு" என்றான். மற்ற தாள்களையும் படித்து எழுதித் தருகிறேன், பிறகு வக்கீலிடம் கொடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

பிப்ரவரி 17, சனி

அட முட்டாளே. எதெல்வினா, நீ முட்டாள்.

இன்றுதான் மூன்றாம் தாளைப் படித்து முடித்தேன். "இன்று காலை இந்தப் பள்ளத்தாக்கில் முதன்முதலாக இறங்கினோம்." பால்தசார் விழுந்தது அதே நாள் பிற்பகல். வந்திறங்கிய அன்றே எப்படி வாய்க்கால் வெட்டியிருக்க முடியும்? வேறு யாரோ வெட்டிவைத்ததில்தானே விழுந்திருக்கிறான்?

ஐந்தாம் தாள் இன்னும் அருமை. கரையில் இருவர் சேர்ந்து கட்டிப்பிடித்தாலும் எட்டாத மரங்கள்; வாய்க்கால் அப்போதே அவ்வளவு பழசு. சோளக் கொல்லையில் நின்ற இரண்டு பெண்கள் கயிறு போட்டு முதலில் கழுதையை, பிறகு பால்தசாரைத் தூக்கினார்களாம். கழுதையை முதலில்! அவனுக்குச் சூடாகச் சோளக் கஞ்சி கொடுத்தார்களாம்.

வருத்தம்தான் வரவேண்டும். வரவில்லை. வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடக்கிறேன். நானூறு வருடம் யாரும் படிக்காததை நான் படித்துவிட்டேன். யாரிடமாவது உடனே சொல்ல வேண்டும். யாரிடம்?

பிப்ரவரி 18, ஞாயிறு

அண்ணனிடம் சொன்னேன். எழுந்து போய்க் கதவைச் சாத்தினான். பிறகு, "ஒன்பது தாள் வந்துச்சுன்னு நம்ம ஆளுங்களைத் தவிர யாருக்குத் தெரியும்? நாலாவது தாள் ஒண்ணு போதும்" என்றான்.

"மத்தது?"

"அடுப்பு இல்லையா உன் வீட்டுல?"

எனக்கு வந்ததே கோபம். என்ன பேச்சு இது? எனக்கு மட்டும் ஆசையா, தண்ணி போகணும்னு? என் ஆப்பிள் மரம் பதினெட்டும் அந்தத் தண்ணியை நம்பித்தானே நிக்குது? ஆனா படிச்சதைப் படிக்கலைன்னு எப்படி ஆக்குறது? எனக்குத் தெரியலை.

பிப்ரவரி 19, திங்கள்

பள்ளிச் சமையலறையில் பதினொரு வருடமாக என்னோடு வேலை செய்யும் ஃப்லோரினா பியூப்லோக்காரி. "என்னக்கா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டாள். தேவைக்கு மேல் உருளைக்கிழங்கு உரித்தேன்.

பிப்ரவரி 26, திங்கள்

கொடுத்துவிட்டேன். ஒன்பது தாளையும், விசாரணை அலுவலகத்தில், இரண்டு தரப்புக்கும் நகல் போகும்படி. படியிறங்கும்போது ஓடினேன். ஐம்பத்தெட்டு வயதில்.

மார்ச் 3, ஞாயிறு

கோவிலில் என் வரிசையில் யாரும் உட்காரவில்லை. அண்ணன் தூணுக்கு அந்தப் பக்கம் போய்விட்டான்.

மார்ச் 11, திங்கள்

ஃப்லோரினாவுக்குச் செய்தி போய்விட்டது. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வந்த அன்னைக்கேவா விழுந்தாரு உங்க தாத்தா? அந்த இடம் வழுக்கும்னு எங்க ஊர்ல கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும்."

தண்ணீரைப் பற்றி அவளும் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து ஆப்பிள் மரங்களை ஒருமுறை எண்ணினேன்.

மார்ச் 23, சனி

குடிமராமத்து. என்னோடு யாரும் பேசவில்லை. இருந்தாலும் மண்வெட்டியோடு போய் வரிசையின் கடைசியில் நின்றேன்.

அண்ணன் பெயர் வாசித்துக்கொண்டிருந்தபோது மேட்டுப் பாதையில் புழுதி கிளம்பியது. ஐந்து வண்டிகள். பியூப்லோவிலிருந்து இருபத்திரண்டு பேர், ஆளுக்கொரு மண்வெட்டி. முன்னால் ஃப்லோரினாவும் அவள் கணவர் க்ளெமென்ட் தெனோரியோவும். அண்ணன் முகம் வெளுத்துவிட்டது.

"வாய்க்கால் எங்களுதுன்னு தாள் சொல்லுதாமே" என்றார் க்ளெமென்ட். "அப்புறம் தூர் வாராம வீட்ல உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்? பங்குக்கு ஒரு மண்வெட்டி. உங்க சட்டம்தானே?"

அண்ணன் இடுப்பிலிருந்து மடைச் சாவியை அவிழ்த்து நீட்டினான். நான் முந்திக்கொண்டு கேட்டேன். "அப்போ எங்களுக்குத் தண்ணி?"

"வெட்டினவனுக்குத் தண்ணி. நீங்களும்தான் மண்வெட்டி கொண்டாந்திருக்கீங்களே" என்றார் அவர். "சாவி உங்கிட்டயே இருக்கட்டும் ஓனோஃப்ரே. ராத்திரி மூணு மணிக்கு எழுந்து மடை மாத்த எங்க ஊர்ல எவனுக்கும் உடம்பு வணங்காது. எந்த நாள் யாருக்குன்னு மட்டும் உக்காந்து பேசிக்குவோம்."

முதலில் சிரித்தது அண்ணன்தான். பிறகு மண்வெட்டிக் காம்பால் கரையை அளந்து ஆளுக்கொரு துண்டாகப் பிரித்துக்கொண்டே வந்தான். அவர்களுக்கொன்று, எங்களுக்கொன்று. கடைசியில் என்னிடம் வந்தான். ஐந்து வாரத்தில் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தான். கருப்புப் பாறையருகே கோடு போட்டான்.

"நம்ம பால்தசார் விழுந்த இடம். நீயே வாரு. பாத்து, விழுந்து தொலைக்காத."

விழுந்தேன். ஃப்லோரினாதான் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள்.