முதல் ஆல்பத்திலிருந்தே

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் மூட்டுவலி குறைந்ததா?

போன வாரம் வேலை நேரத்தில் எங்கள் சலவைக்கூடத்தில் வழுக்கி விழுந்துவிட்டேன். கணுக்காலில் சின்னக் கட்டுதான், பயப்படாதீர்கள். பார்க்க வந்த, என்னோடு அங்கே இஸ்திரி போடும் அக்கா, தான் இளவயதில் உயிராகக் கேட்ட நியூ வேவ் பாணி ராக் இசைக்குழுவின் ஆல்பங்களைக் கொடுத்தார். "மூணாவதுல ஆரம்பி. முதல் ரெண்டும் தட்டுத்தடுமாறி வாசிச்சதுடி," என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை, முதலாவதிலேயே தொடங்கினேன். பாடுகிறவன் குரல் நடுங்குகிறது, டிரம்ஸ் முந்திக்கொண்டு ஓடுகிறது. ஆனாலும் எந்தப் பாட்டையும் அவர்கள் பாதியில் விடவில்லை. மூன்றாவதைக் கேட்டபோது நொண்டிக்கொண்டே ஆடிவிட்டேன்!

"திரும்பி வந்துடும்மா" என்று இனிச் சொல்லாதீர்கள். எனக்கு இங்கே இது முதல் வருஷம்தானே?

உங்கள் பழைய ஹெட்போனை அனுப்புங்கள். அப்படியே, நீங்களும் அம்மாவும் சும்மா பேசிக்கொண்டிருப்பதையும் பதிவுசெய்து அனுப்புங்கள்.

இன்றுமுதல் மறுபடி வேலை. கூட்டிப்போக வந்த வண்டி ஹாரன் அடிக்கிறது.

உங்கள் மகள்