கொத்து ரொட்டிக் கூப்பனில் போன ஓவியம்

டூங்கபி,
ஞாயிறு இரவு

அன்புள்ள கஜந்திக்கு,

இந்த அகாலத்தில் எழுதுவதற்குக் கோபிக்காதே, பகலில் எழுத வெட்கமாக இருந்தது. இங்கே நானும் அப்பாவும் நலம், நீயும் டார்வினில் முதலைகளுக்கு எட்டாத தூரத்தில் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் அடித்த விழாக் கூப்பனின் படத்தை உனக்கு அனுப்பிவிட்டுப் பாராட்டு வரும் என்று போனைக் கையிலேயே வைத்திருந்தேன். "ஆரிட்டக் கேட்டனீங்கள்?" என்று ஒரே வரி வந்தது, பிறகு உன்னிடமிருந்து மூச்சே இல்லை.

இங்குள்ள தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவுக்குச் சாப்பாட்டுக் கூப்பன் அடிக்கும் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். புதிய ஐந்து டொலர் தாளில் அரச குடும்பத்துப் படத்தை எடுத்துவிட்டு இந்த மண்ணின் முதற்குடிகளுடைய கலையைப் போடப்போகிறார்களே, அதை முந்திக்கொண்டு நாங்கள் போட்டால் என்ன என்று உன் பட்டதாரி அம்மாவின் மூளை வேலை செய்தது. நீ வேலை செய்யும் ஓவியக்கூடத்தில், முதற்குடியைச் சேர்ந்த அந்த ஓவியர் அம்மா வரைந்த படத்துக்குப் பக்கத்தில் நின்று ஒரு போட்டோ அனுப்பினாயே, அதிலிருந்து பெற்ற பிள்ளையை வெட்டி எறிந்துவிட்டு ஓவியத்தை மட்டும் எடுத்து, கீழே "கொத்து ரொட்டி ஒன்று" என்று போட்டேன். அரசாங்கத்துக்கு முன்பே வெளியிட்டுவிட்டேன் என்று அப்பாவிடம் பீற்றிக்கொண்டது வேறு.

உன்னோடு வாதாட ஒரு துணை தேடித்தான் இணையத்தில் இறங்கினேன், கிடைத்ததோ உனக்குத் துணை. 1966இல் வந்த ஒரு டொலர் தாளில் உங்கள் வடக்குப் பக்கத்து ஆர்னம் லாண்டைச் சேர்ந்த முதற்குடி ஓவியர் ஒருவரின் மரப்பட்டை ஓவியத்தை அவரைக் கேட்காமலே போட்டு, பிறகுதான் பணமும் பதக்கமும் கொடுத்தார்களாம். ஒரு நாடு செய்த பிழையை நான் சங்கத்துச் சாப்பாட்டுக் குழுவில் இருந்துகொண்டே செய்து முடித்திருக்கிறேன். தலைவர் சிவபாதசுந்தரம் அங்கிளிடம் போய் இந்தக் கூப்பன் வேண்டாம் என்றேன். "பிள்ளை, கொத்து திண்டுபோட்டுக் குப்பையில எறியிற துண்டுக்கு ஆரும் வழக்குப் போடுவினமே?" என்று சிரித்தார். அந்தக் குப்பைதான் என்னை உறுத்தியது. அந்த ஓவியத்தில் அந்த அம்மா என்ன கதை வரைந்திருக்கிறார் என்றுகூட எனக்குத் தெரியாது. பெட்டியோடு எல்லாவற்றையும் வீட்டுக்குத் தூக்கிவந்துவிட்டேன், இனி வெறும் தாளில் முத்திரை குத்திக் கொடுக்கப்போகிறோம், குத்துவது யார் என்று கேட்காதே.

நீ அந்த ஓவியர் அம்மாவிடம் நடந்ததைச் சொல்லு. "அம்மா தெரியாமல் செய்துபோட்டா" என்று எனக்காகப் பூசி மெழுகாதே, உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு இறுதிப் பரீட்சை எழுதியவளுக்கு அனுமதி கேட்கத் தெரியாதா. கூப்பன்களை அழிப்பதா, அனுப்புவதா, அவர் சொல்கிறபடி செய்கிறேன், பேச விரும்பினால் நானே பேசி மன்னிப்புக் கேட்கிறேன். என்னால் அங்கே உன்னை நம்பாமல் விட்டுவிடுவார்களோ என்பதுதான் என் நித்திரையைக் கெடுக்கிறது. தொப்பி போடாமல் வெயிலில் திரியாதே, ஆற்றங்கரைக்குப் போகாதே, பிள்ளையார் உனக்குத் துணையிருப்பார். அந்த ஓவியர் அம்மா திட்டினால் திட்டியதையும் எழுது, ஆனால் சீக்கிரம் பதில் போடு.

அன்புடன்,
அம்மா