சிக்னல் போனால் உன் கல்யாணம்

ஆம்பூர்,
செப்டம்பர் 20.

அன்புள்ள இவாஞ்சலினுக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கே நாங்கள் சுகம். உங்க அண்ணனுக்கு சுகர் கொஞ்சம் ஜாஸ்தி, எனக்கு முட்டிவலி. அதெல்லாம் வயசானதும் வந்த விருந்தாளிகள், போகச் சொன்னால் போகாது. உனக்கு நைட் டியூட்டி மாறி பகல் டியூட்டி வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். சந்தோஷம்.

போன் இருக்கும்போது இந்த அண்ணிக்கு இன்னாத்துக்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் டிவி என்று வாயெடுத்தாலே உனக்கு ஆஸ்பத்திரியில் யாராவது கூப்பிட்டுவிடுகிறார்கள், டக்கென்று வைத்துவிடுகிறாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாது. கிழித்துப் போடலாம், ஆனால் படித்துவிட்டுக் கிழி. பக்கத்து வீட்டு ரஃபத் ஜஹான் அக்காவின் மகன் யாசிர் நீ இருக்கிற மஸ்கட்டுக்கே வேலைக்கு வருகிறான். அவன் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன்.

நம்ம ரோஸ் டிவி போன வாரத்தோடு முடிந்தது. உங்க அண்ணன் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார். சொல்லுகிற ஆளா அவர்?

ஆரம்பம் உனக்கு ஞாபகம் இருக்கும். மொட்டைமாடியில் பிரியாணி அண்டா மாதிரி ஒரு டிஷ்ஷை நிறுத்தி, கம்பத்துக்குக் கம்பம் ஒயர் இழுத்து வீடு வீடாக கேபிள் கொடுத்தார். அப்புறம் சொந்தமாக லோக்கல் சேனல் என்று தொடங்கி உங்க அம்மா பெயரையே வைத்தார். திரையின் மூலையில் ரோஸ் என்று தெரிந்தால் போதும், அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்கள். பிறகு சென்னை நெட்வொர்க்காரர்கள் வந்து சேர்த்துக்கொண்டார்கள். நாள் முழுக்க அவர்கள் நிகழ்ச்சி, சாயங்காலம் ஏழு மணிக்கு அரை மணி நேரம் மட்டும் நம்ம ஊர் செய்தி. எந்தத் தெருவுக்குத் தண்ணீர், எங்கே கரண்ட் கட், யாருக்குக் கண்ணீர் அஞ்சலி எல்லாம் நான் வாசிப்பேன். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு தண்ணீர் வராது என்று சொன்ன ஒரே பொம்பளை நான்தான்.

அவர்கள் ஒரு கண்டிஷன் போட்டிருந்தார்கள். டிஷ்ஷில் சிக்னல் போனால் திரை கருப்பாக நிற்கக் கூடாது, சினிமாப் பாட்டும் போடக் கூடாது, நீங்களே எடுத்த படம்தான் போட வேண்டும் என்று. நாங்களே எடுத்தது என்று அப்போது கையில் இருந்தது புதுக் கேமராவில் எடுத்த உன் கல்யாணம் ஒன்றுதான். அதைப் போட்டார்.

மறு வருஷம் அத்தை கர்த்தரிடம் போய்விட்டார்கள். அதற்கு அடுத்த வருஷம் நெல்வின் பெங்களூரில் வேறொருத்தியோடு குடும்பம் நடத்துவது தெரிந்து நீ பெட்டியோடு வந்து நின்றாய். அது பாழாய்ப்போன மழைக்காலம். தினமும் சிக்னல் போகும், ஊர் முழுக்க நீ மாலையோடு அவன் பக்கத்தில் நிற்பாய். அதை எடுத்துவிடு என்று அண்ணனிடம் சொன்னாய். அவர் பார்க்கலாம் என்றார். அந்த மனுஷன் அகராதியில் பார்க்கலாம் என்றால் சரி என்று அர்த்தம். உனக்கு முடியாது என்று பட்டுவிட்டது. அது ஓடுகிறவரைக்கும் இந்த ஊரில் கால் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனவள்தான் நீ. உன் மேல் தப்பே இல்லை. நானாக இருந்தால் டிவியையே உடைத்திருப்பேன்.

நீ போன பிறகு நடந்ததைத்தான் இத்தனை வருஷமாக நீ என்னைச் சொல்லவிடவில்லை. உன்னை பிளைட் ஏற்றிவிட்டு வந்தவர் நேராக ஸ்டுடியோவுக்குப் போய் காஷிஃபை உட்காரவைத்து, நெல்வின் வருகிற இடத்தையெல்லாம் வெட்டச் சொல்லியிருக்கிறார். காஷிஃப்தான் எங்கள் எடிட்டிங் பையன், தெரியுமே. மாப்பிள்ளையை எடுத்துட்டா அப்புறம் கல்யாணத்துல இன்னாண்ணே இருக்கும் என்று கேட்டானாம். என் தங்கச்சி இருக்கா, எங்கம்மா இருக்காங்க, போதும்டா என்றாராம்.

அப்படி மிச்சம் நின்றது கொஞ்சம்தான். நீ காரிலிருந்து இறங்குவாய். அத்தை உன் தலையில் போட்ட வெள்ளை நெட்டைச் சரிசெய்வார்கள். அவர்கள் எதையோ சொல்ல, நீ வாய்விட்டுச் சிரிப்பாய். சர்ச் வாசல் வரும். மறுபடியும் கார். சுற்றிச் சுற்றி இதுதான் ஓடியது.

மழை ஊருக்குள் வந்து சேருமுன்பே சிக்னல் போய்விடும் இல்லையா, அதை ஜனங்கள் பிடித்துக்கொண்டார்கள். இவாஞ்சலின் வந்துட்டா என்று யாராவது குரல் கொடுத்தால் தெருவே மாடிக்கு ஓடித் துணி எடுக்கும். ரஃபத் ஜஹான் அக்கா மிளகாயை அள்ளுவார்கள். ரஃபி அகமது பாய் அவர் டேனரியில் வாட்ச்மேன் அறைக்கே ஒரு டிவி வாங்கி வைத்தார், உன்னைப் பார்த்ததும் காயப்போட்ட தோலை உள்ளே இழுக்க. சின்னப் பிள்ளைகளுக்கு நீ யார் என்றே தெரியாது, மழைக்கா என்று பெயர் வைத்திருந்தார்கள்.

ஒருத்தரும் உன்னைப் பார்த்து உச்சுக் கொட்டவில்லை, இவாஞ்சலின். நெல்வின் என்று ஒருத்தன் இருந்ததை ஊர் எப்போதோ மறந்துவிட்டது. நீ ஒருத்திதான் அவனை மறக்காமல் அங்கே உட்கார்ந்திருக்கிறாய். கோபம் வந்தால் வரட்டும். அண்ணி சொல்லாமல் வேறு யார் சொல்வது?

போன வாரம் சென்னையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். இனிமேல் எல்லாம் அங்கிருந்து பைபர் கேபிள் வழியாக வருமாம், மழை பெய்தாலும் இடி இடித்தாலும் போகாதாம். ஊர் செய்தியும் வேண்டாமாம். மூலையிலிருந்து அத்தை பெயரை எடுத்துவிட்டார்கள். உங்க அண்ணன் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து வழக்கம்போல ரசம் ஊற்றிச் சாப்பிட்டார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பிடித்தது பார் மழை! டிவியில் சீரியல் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, மழை வருவது ஒருத்தருக்கும் தெரியவில்லை. தெருவில் ஒரு துணி நனையாமல் மிஞ்சவில்லை. பாயின் தோல் எல்லாம் ஊறி, அவருக்கு ஒரே பேஜார். அப்புறம் ஆரம்பித்தது போன். இன்னாப்பா, இவாஞ்சலின் வரலியே, இவாஞ்சலினுக்கு இன்னா ஆச்சு என்று ஊரே கேட்டது. நான் எடுக்கிறேன் என்றாலும் விடாமல் எல்லாப் போனையும் உங்க அண்ணனே எடுத்தார்.

டிஷ்ஷைக் கழற்றிக் கீழே சாய்த்துவைத்தாகிவிட்டது. இனி அந்தப் படம் ஓடாது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் கேட்டவர்கள் எல்லாரிடமும் வருவா, வருவா என்றே சொல்லிக்கொண்டிருந்தார். கடைசிப் போனை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு, எல்லாரும் கேக்குறாங்க பிரிசில்லா, நான் இன்னான்னு சொல்றது என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, அடுப்பைப் பார்க்கிற மாதிரி உள்ளே போய்விட்டேன்.

அவராக உன்னை வா என்று கூப்பிட மாட்டார். நீயே வரட்டுமா என்று கேட்டாலும் பார்க்கலாம் என்பார். அதற்கு அர்த்தம் மேலே எழுதியிருக்கிறேன்.

நீ பத்திரமாக வந்து சேர கர்த்தர் துணையிருக்கட்டும். வாசல் கதவை நான் திறக்கிறேன். உங்க அண்ணன் ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டார் இவாஞ்சலின், அவரைப் பொய்யனாக்கிவிடாதே.

உன் அண்ணி,
பிரிசில்லா