மல்லிகா மாடியில் என் வீட்டுப் பிள்ளைகள்

மார்கழி, செவ்வாய்க்கிழமை

பட்டாம்பூச்சிக்கென்றே மொட்டைமாடியில் பன்னிரண்டு தொட்டி ஜின்னியாப் பூச்செடி வைத்தேன். வந்து உட்கார்ந்தது எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பல் மட்டும். பக்கத்து மாடி மல்லிகாவிடம் இருப்பதோ பெயிண்ட் டப்பாவில் நாலு செண்டுமல்லி, ஒரு கறிவேப்பிலை. அங்கே மட்டும் கல்யாணக் கூட்டம். இன்று பொறுக்காமல் கேட்டேவிட்டேன்.

"இன்னா மருந்து போடுற மல்லிகா?"

"மருந்தா? உன் எலுமிச்சைல கீற புழுவ தெனம் பொறுக்கி இந்தாண்ட வீசுவியேக்கா, அதுங்களத்தான் கறிவேப்பிலைல வுட்டு வளத்தேன். எல்லாம் உன் வூட்டுப் புள்ளைங்க!"

சிரித்து வைத்தேன். வயிறு எரிகிறது. இனி ஒரு புழுவைத் தொடமாட்டேன், எலுமிச்சைச் செடியையே தின்னட்டும் என்று சாயங்காலம் போய் இலை இலையாகத் தேடினேன். ஒன்றுகூட இல்லை. கடைசிப் புழுவையும் காலையில் நானேதான் வீசியிருக்கிறேன்.