மூன்று தட்டு, பிறகு ஒன்று

இன்று காலை மாம்பழக் கூடையைப் பிரித்தேன். வைக்கோலுக்கு நடுவே, செய்தித்தாள் துண்டில் மடித்த ஒரு சின்னப் பொட்டலம். காயைப் பழமாக்க வியாபாரிகள் திருட்டுத்தனமாக வைக்கிற கார்பைடு கல். எங்கேயோ ஈரம் பட்டிருக்க வேண்டும், குப்பென்று அந்த வாடை கிளம்பியது. கடைக்காரனை நாலு வார்த்தை கேட்கலாமென்று செருப்பைக்கூட மாட்டிவிட்டேன். வாசற்படி தாண்டுவதற்குள் அந்த வாடையோடு நீ நினைவில் வந்து நின்றுவிட்டாய்.

"எங்க நைனா வாசனடி இது" என்பாய். சுரங்கத்துக்குள் கொண்டுபோன கார்பைடு விளக்கின் வாடை உன் நைனாவின் தொப்பியில், சட்டையில், தலைமுடியில்கூட இருக்கும். என் அப்பாவிடமும் அதே வாடைதான். வகுப்பில் பேட்டைக் கடைக்காரர் வீட்டுப் பெண்கள் மூக்கைச் சுளித்தால், நீ உன் தாவணி முனையை அவர்கள் முகத்தருகே ஆட்டிவிட்டுத்தான் உட்காருவாய். நான் தலையைக் குனிந்துகொள்வேன். நம் இரண்டு பேருக்கும் அதுதான் வித்தியாசம்.

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. செருப்பைக் கழற்றிவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

தங்கச் சுரங்கக் கம்பெனி தொழிலாளிகளுக்குக் கட்டிய மாரிகுப்பம் லைனில் உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு மூங்கில் தட்டிதான் சுவர். அந்தப் பக்கம் நீ தும்மினால் இந்தப் பக்கம் என் அம்மா "நூறு வயசு" என்பாள். எஸ்.எஸ்.எல்.சி. வருஷம் அந்தத் தட்டியே நமக்குப் பெரிய தொல்லையாகிவிட்டது. என் அப்பா நைட் ஷிப்ட் முடித்துவிட்டுப் பகலில் தூங்கும் வாரம் உன் நைனா பகல் ஷிப்டில் இருப்பார். இவர் பகலுக்கு மாறினால் அவர் நைட்டுக்குப் போய்விடுவார். எந்த நேரம் பார்த்தாலும் ஒரு வீட்டில் ஓர் ஆள் தூங்கிக்கொண்டிருப்பார். வாய்விட்டுப் படிக்க வழியே இல்லை. நான் முணுமுணுவென்று ஒரே பக்கத்தைப் பத்துத் தடவை படிப்பேன். புத்தகத்தை மூடினால் அந்தப் பக்கம் மனசில் இருக்காது. மறுபடி திறந்து பத்துத் தடவை படிப்பேன்.

பொதுப் பரீட்சைக்கு முன்னால் வைக்கிற பிரிப்பரேட்டரி பரீட்சையில் கணக்குத் தாளை அப்படியே வெறுமையாகக் கொடுத்துவிட்டு வந்தேனே, அந்த நாளை நீ மறந்திருக்கமாட்டாய். கேள்விகள் எல்லாம் தெரிந்தவைதான். தாளைக் கையில் வாங்கியதும் வயிற்றைப் பிசைந்தது, விரல் நடுங்கியது, கண்ணுக்கு எழுத்தே தெரியவில்லை. மார்க்கைப் பார்த்துவிட்டு அப்பா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலாம் போலிருந்தது.

"பாரு கண்ணு, ஒரே தபா தான். பாஸ் பண்ணிட்டன்னா மேல இன்னா வேணுமோ பண்ணு. இல்லன்னா வூட்லியே இருந்துக்கோ. நா வேற இன்னா பண்ண முடியும், சொல்லு" என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் வீட்டிலேயே இருப்பதென்றால் என்னவென்று எனக்குத் தெரியும். அம்மாவைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். ஷிப்ட் முடிந்து சங்கு ஊதியதும் வாசலுக்கு வந்துவிடுவாள். தெருமுனையில் அப்பாவின் தலை தெரியும் வரை அடுப்பில் எது கருகினாலும் திரும்பமாட்டாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படித்தான். நானும் ஒரு சுரங்கக்காரனைக் கட்டிக்கொண்டு, அதே வாசலில் நின்று சங்குக்குக் காத்திருக்க வேண்டும். சங்கு ஊதாத ஓர் ஊரில் போய் வாழவேண்டும் என்று எனக்கு வெறியே இருந்தது. அதற்கு அந்தப் பரீட்சை ஒன்றுதான் கதவு. அந்தக் கதவைப் பார்த்ததும்தான் எனக்குக் கை நடுங்கியது.

நீ ஒரு நாள் வாய் நிறையப் புளியங்காயை அடக்கிக்கொண்டு நான் படிப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றாய். பிறகு சொன்னாய்:

"பொணத்து முன்னாடி குந்திகினு ஒப்பாரி வெக்கிற மாதிரி கீதுடி நீ படிக்கிறது. எங்க நைனா வெடி வெச்சா அப்பறம் இன்னா பண்ணுவாரு, தெரியுமா?"

"இன்னா பண்ணுவாரு?"

"மேல வந்துடுவாரு. புகை அடங்கற வரிக்கும் அந்த எடத்துக்கு ஒருத்தரும் போவக்கூடாது. அப்பறமா அடுத்த ஷிப்ட்டு ஆளுங்க போயி ஒடஞ்ச கல்ல வாருவாங்க. நீ இன்னாடான்னா வெடியும் வெச்சிட்டு அங்கியே குந்திகினு கீற. மூச்சு முட்டாம இன்னா பண்ணும்?"

அன்றே நம் படிப்பு மாறியது. காலையில் ஒரு பாடம் படிப்போம். படித்ததும் புத்தகத்தை மூடிவிட வேண்டும். குழாயடிக்குப் போவோம், உன் தம்பிக்குத் தலை வாருவோம், முருங்கைக்கீரை உருவுவோம். அந்தப் பாடத்தைப் பற்றி மூச்சு விடக்கூடாது. சாயங்காலம் ஆண்டர்சன்பேட்டைக்குக் காய்கறி வாங்க நடக்கும்போதுதான் புகை அடங்கியதாகக் கணக்கு. புத்தகம் கையில் இல்லாமல் நான் உனக்குச் சொல்ல வேண்டும், நீ எனக்குச் சொல்ல வேண்டும். சொல்ல முடிந்ததெல்லாம் உடைந்த கல், வாரிக்கொள்ளலாம். தடுமாறிய இடம் உடையாத பாறை. மறுநாள் காலையில் அதற்கு மட்டும்தான் வெடி. தெரிந்ததையே திரும்பப் படிக்க நீ என்னை விடவேமாட்டாய். எனக்கோ தெரிந்ததைப் படிப்பதில்தான் சுகம். "தெரிஞ்சதயே படிச்சிகினு இருந்தா ஒனக்கு குஷியா இருக்கும், பேப்பருக்கு இன்னா லாபம்?" என்று கேட்பாய். முள்ளங்கி விற்கிற அம்மாள் பாக்கிச் சில்லறையைக் கையில் வைத்துக்கொண்டு, நான் வட்டத்தின் தேற்றத்தைச் சொல்லி முடிக்கும் வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, "பொண்ணுக்கு காத்து கருப்பு எதுனா?" என்று உன்னிடம் கேட்டாள். வீடு வந்து சேரும் வரை நீ சிரித்தாய்.

இடையிடையே எனக்கு அந்த வயிற்றுப் பிசைவு வரும். அதற்கும் நீ ஒரு வழி வைத்திருந்தாய், நம் சின்ன வயசு கேஜ் விளையாட்டிலிருந்து எடுத்தது. சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்க இரும்புக் கூண்டு வேண்டும். நமக்கு ஒரு கோணிச்சாக்கு போதும். சாக்குக்குள் நாலு பேர் ஒண்டிக்கொள்வோம். வெளியே நிற்கிற பெல்காரன் தகர டப்பாவில் தட்டுவான். வேகமாக மூன்று தட்டு, கொஞ்சம் விட்டு ஒரு தட்டு. ஆள் மேலே வருகிறது என்று அர்த்தம். உடனே எல்லோரும் துள்ளி எழ வேண்டும். என் முகம் வெளிறுவதைப் பார்த்தால் நீ கையில் கிடைத்ததில் அதைத் தட்டுவாய். நான் எந்தக் கணக்கின் நடுவில் இருந்தாலும் விட்டுவிட்டு எழுந்து வாசலுக்கு வந்துவிட வேண்டும் என்பது சட்டம். வெளிக்காற்றில் கொஞ்ச நேரம் நின்றால் வயிறு அடங்கிவிடும். பங்குனி வெயிலில் இப்படி நின்று நின்றே நான் கறுத்துப்போனதாக அம்மா குறைப்பட்டாள்.

கணக்குப் பரீட்சை நாள். அந்த வாரம் ஷிப்ட் ஏதோ மாறி, என் அப்பாவும் உன் நைனாவும் ஒன்றாகக் காலை ஷிப்டில் இறங்கியிருந்தார்கள். நம்பர் வரிசைப்படி எனக்கு நேர் பின்னால் நீ. மைசூர்ப் பக்கத்திலிருந்து மேற்பார்வைக்கு வந்திருந்த சார் நடுவில் நடந்துகொண்டிருந்தார். நான் நன்றாகத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். வட்டத்துக்கு வந்திருந்தேன்.

அப்போது தரை குலுங்கியது. மேசை நகர்ந்தது, ஓட்டிலிருந்து மண் உதிர்ந்தது, மைக்கூடுகள் கலகலத்தன. "பூகம்ப! பூகம்ப! எல்லாரூ ஹொரகே பன்னி!" என்று, எல்லோரையும் வெளியே வரச்சொல்லிக் கன்னடத்தில் கத்திக்கொண்டே சார் மைதானத்துக்கு ஓடிவிட்டார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. "ஏர்பிளாஸ்ட்டு சார், ஒண்ணும் ஆவாது, வாங்க" என்று கடைசி வரிசையில் ஒரு பையன் கூப்பிட்டான். அடி ஆழத்தில் பாறை தானாக வெடிப்பது நமக்குப் புதிதா? தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே "ஏர்பிளாஸ்ட்டு" என்று சொல்லிவிட்டு அடுத்த கவளம் எடுக்கிறவர்கள்தானே நாம். மேலே இருப்பவனுக்கு ஒன்றும் ஆகாது. கீழே யார் இருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

சார் வெளியே நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில் யார் வேண்டுமானாலும் யாரைப் பார்த்தும் எழுதியிருக்கலாம். ஒரு தலைகூடத் திரும்பவில்லை. எல்லாப் பிள்ளைகளும் ஷிப்டைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

எனக்குக் கணக்குப் போட வேண்டிய தேவையே இல்லை. அப்பா கீழே. பேனா முனை தாளில் குத்தி நின்றது, மை ஊறிப் பரவியது. எழுந்து சுரங்கத்து கேட்டுக்கு ஓடிவிட வேண்டும் என்று கால் துடித்தது. ஓடியிருந்தால் என் பரீட்சை அதோடு முடிந்தது. உட்கார்ந்திருந்தாலும் விரல் அசையவில்லை.

பின்னாலிருந்து கேட்டது. மூன்று தட்டு. பிறகு ஒன்று.

நான் நம்பினேன். பரீட்சை ஹாலுக்குள் உட்கார்ந்திருக்கும் உனக்குக் கீழே நடப்பது எப்படித் தெரியும் என்று கேட்கும் அளவுக்கு எனக்குப் புத்தி வேலை செய்யவில்லை. ஆட்கள் மேலே வருகிறார்கள் என்று நீ சொல்கிறாய், அவ்வளவுதான். மூச்சு இறங்கியது. மைக்கறைக்குப் பக்கத்திலிருந்தே தேற்றத்தைத் தொடர்ந்தேன். சார் வேட்டியைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்து, ஒன்றும் நடக்காதது போல் கடிகாரத்தைப் பார்த்தார். நான் கடைசிக் கேள்வி வரை எழுதினேன்.

வெளியே வந்ததும் உன்னைக் கேட்டேன்: "ஒனக்கு எப்பிடிடி தெரியும், மேல வந்துட்டாங்கன்னு?"

"எனக்கு இன்னா தெரியும்?" என்றாய். உன் உதடு வெளுத்திருந்தது. "எங்க நைனாவுந்தான கீழ கீறாரு. கை நடுங்கிகினே இருந்துச்சி. தட்டுனா நிக்குமான்னு தட்டிப் பாத்தேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் உன்னை அங்கேயே அறைந்திருப்பேன். அதற்கு நேரமில்லை. இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினோம். கேட்டில் நம் அம்மாக்கள் ஏற்கெனவே நின்றிருந்தார்கள். கேஜ் மேலே வந்தது, ஆட்கள் இறங்கினார்கள், அதில் இவர்கள் இல்லை. அடுத்ததிலும் இல்லை. அதற்கடுத்ததில் உன் நைனா முன்னால் வந்தார், அவர் தோளுக்குப் பின்னால் என் அப்பா. உடம்பெல்லாம் தூசி. பாறை வெடித்தது ஆளில்லாத பழைய பக்கமாம், ஒருவருக்கும் கீறல்கூட இல்லையாம். அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அப்பா என்னைப் பார்த்ததும் கேட்டது ஒன்றே ஒன்று: "பேப்பர் எப்பிடிமா?" நான் விழுந்து விழுந்து சிரித்தேன், அழுகையும் கூடவே வந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை.

இரண்டு பேரும் பாஸ். கணக்கில் உன்னைவிட எனக்கு அதிக மார்க் வந்ததற்கு நீ ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நான் பெங்களூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலைக்குச் சேர்ந்தேன். சங்கு ஊதாத ஊரில் முதல் ராத்திரி அடித்துப் போட்டதுபோல் தூங்கினேன். நீ நர்ஸ் படிப்பு முடித்து அங்கேயே, சுரங்கத்து ஆஸ்பத்திரியிலேயே வேலை பார்த்தாய். "நீ ஓடிட்ட, நா குந்திகினு கீறேன்" என்று சொல்லிக் காட்டாத வருஷமில்லை.

எத்தனையோ பேரை ஆபரேஷனுக்குத் தைரியம் சொல்லி அனுப்பிய நீ, உன் நெஞ்சைத் திறக்க வேண்டுமென்று டாக்டர் சொன்னபோது பெங்களூர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் போர்வையைப் பிசைந்துகொண்டு படுத்திருந்தாய். என்னைக் கண்டதும் கைகளைப் போர்வைக்குள் ஒளித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாய். கட்டில் கம்பியில் தட்டினேன். மூன்று, பிறகு ஒன்று.

நீ கண்ணைத் திறந்து, "ஒனக்கு எப்பிடிடி தெரியும்?" என்றாய்.

"எனக்கு இன்னாடி தெரியும்?"

நீ சிரித்த சிரிப்பில் சிஸ்டர் ஓடிவந்து என்னைத் திட்டி வெளியே அனுப்பினாள். நீ மேலே வந்துவிட்டாய். அதற்கப்புறம் பல மாம்பழக் காலம் பார்த்தாய். போன வருஷம் தூக்கத்திலேயே போய்விட்டாய் என்று உன் தம்பி போனில் சொன்னபோது அழுதேன். ஆனால் பயப்பட உனக்கு நேரமே இருக்கவில்லை என்று நினைத்ததும் மனசு லேசானது. அதை உன்னிடம்தான் சொல்ல முடியும், வேறு யாரிடம் சொன்னாலும் தப்பாக எடுத்துக்கொள்வார்கள்.

அன்றைக்கு ஹாலில் நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் உன் கையும் நடுங்குவது தெரிந்திருக்கும், நான் ஒரு வரி எழுதியிருக்கமாட்டேன். பயமில்லாதவள் ஒருத்தி எனக்குப் பின்னால் இருக்கிறாள் என்று நினைத்துப் பாஸ் பண்ணினேன். பயத்தோடுதான் அவளும் தட்டினாள் என்று தெரிந்த பிறகுதான் மற்றதெல்லாம் வாழ்ந்தேன். இப்போதும் கை நடுங்கினால் கிடைத்ததில் தட்டிக்கொள்கிறேன், பஸ் கம்பியில், பாங்கு மேசையில், டாக்டர் வீட்டு நாற்காலியில். நடுக்கம் நிற்கிறது.

கார்பைடுப் பொட்டலத்தை வெளியே எறிந்துவிட்டு, பழங்களைக் கழுவி ஒன்றை அறுத்துப் பார்த்தேன். மேலே மஞ்சள், உள்ளே ஒரே புளிப்பு. உனக்குப் பிடித்திருக்கும்.